துபாய்க்குப் போகும் பிள்ளைகள்: எந்தப் பள்ளி, எந்த வகுப்பில்?

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர் எங்களுடையது (ஊர்ப் பெயர் வேண்டாம்). மச்சான் (என் கணவர்) பதினோரு வருடமாகத் துபாயில், ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு வேலை. சம்பளம் மாதம் 7,500 திர்ஹாம். பிள்ளைகள் படிப்புக்கென்று கம்பெனி வருடத்துக்கு 10,000 திர்ஹாம் தருமாம். இந்த வருடம் எங்களையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்கிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் 8ஆம் வகுப்பு, 6ஆம் வகுப்பிலிருந்து ஆங்கில வழி. நன்றாகப் படிப்பாள், டாக்டர் ஆக வேண்டும் என்பாள். மகன் தனியார் பள்ளியில் 2ஆம் வகுப்பு. கூட வேலை பார்ப்பவரின் பிள்ளைகள் படிக்கும் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்க்கலாம் என்று மச்சானுக்கு ஆசை. மகளுக்கு வருடம் 26,000, மகனுக்கு 21,000 திர்ஹாம் ஆகுமாம். பெண்ணை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள் மாமி. சிபிஎஸ்இ போதும் என்கிறார் ஷார்ஜாவில் இருக்கும் காக்கா (என் அண்ணன்). எதைக் கேட்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலே போட்டிருப்பது சுருக்கம்தான், நீங்கள் எழுதியது மூன்று பக்கம். அதில் மச்சான் சொல்வது இருக்கிறது, மாமி சொல்வது இருக்கிறது, காக்கா வாட்ஸாப்பில் அனுப்பியதுகூட இருக்கிறது. படிக்கப் போகிற பெண் என்ன சொல்கிறாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்த 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். தமிழ்நாட்டிலேயே சிபிஎஸ்இ பள்ளியும் அதைப் பலகையில் எழுதிக்கொள்கிறது, மெட்ரிக் பள்ளியும் எழுதிக்கொள்கிறது. அந்தச் சொல் மட்டும் பாடத்திட்டம் எது என்று சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை யார் கொடுப்பார்கள்? டெல்லி சிபிஎஸ்இ வாரியமா, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் போன்ற தேர்வு அமைப்பா, 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) அமைப்பா? துபாயில் இவை எல்லாமே உண்டு, அமெரிக்கப் பாடத்திட்டமும் உண்டு. எல்லாமே நல்ல படிப்புதான். ஐபி பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதற்கான கட்டணத்தைப் பார்த்தால் இனிமேலும் கேட்க மாட்டீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

நல்ல பள்ளி எது என்பதைவிட, நாளைக்கே ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் பிள்ளை எந்த வகுப்பில் போய் உட்காரும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நம் கடற்கரைக்குச் சபர் (பயணம்) புதிதில்லை. கப்பலில் போன காலத்திலிருந்து போகிறோம், வருகிறோம். ஆனால் அன்று போனது ஆண்கள் மட்டும். குடும்பமும் பள்ளிக்கூடமும் ஊரில் இருந்தன. பிள்ளைகளோடு போகும்போது, வேலை போனால் வகுப்பும் சேர்ந்து போகிறது. விசா வேலையோடு ஒட்டியது, பள்ளி விசாவோடு ஒட்டியது.

2020 மே மாதம் வந்தே பாரத் விமானங்களில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்களே, அந்த வருடம் என் மேஜைக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வளைகுடாவில் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் 11ஆம் ஆண்டு முடித்தவன். நம் கணக்கில் அது 10ஆம் வகுப்பு. கெட்டிக்காரன். ஆனால் அவன் சான்றிதழ் நம் 10ஆம் வகுப்புக்குச் சமம் என்று எழுத்தில் கேட்டது சேரப்போன பள்ளி. டெல்லியில் இருக்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புக்கு எழுதி அந்தத் தாளை வாங்குவதற்குள் இங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. தமிழ் பேசுவான், எழுத வராது. அவனுடைய வாப்பா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "சேர்க்கும்போது யாரும் இதைச் சொல்லலையே." அந்தப் பள்ளி எதற்குச் சொல்லப்போகிறது?

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது, ஆனால் நீங்கள் அதைச் சிக்கலாகவே எழுதவில்லை.

அவள் 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள், டாக்டர் ஆக ஆசைப்படுகிறாள். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாக வந்தது. நீட் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கத் தேவையான மதிப்பெண், பொதுப் போட்டியில் தேவைப்படுவதைவிட நன்றாகக் குறைவு. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இது வந்துவிட்டது. இதில் இடையில் ஒரு வருடம் வெளியே போய்ப் படித்தாலும் தகுதி போய்விடும். திரும்பி வந்து அதே பள்ளியில் அதே பெஞ்சில் உட்கார்ந்தாலும் திரும்பக் கிடைக்காது. கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததைத்தான் கேட்கிறது. அது சின்னது, முதலாவது சின்னதில்லை.

இதைச் சொன்னவுடன் மாமி சொன்னதுதான் சரி என்று நினைத்துவிடாதீர்கள். கையில் எது இருக்கிறது, எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் துபாயில் படித்தாலும் தமிழ்நாட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் இருப்பிடச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வைத்து மாநில ஒதுக்கீட்டில் வர முடியும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதமும் உண்டு. அண்மை ஆண்டுகளில் நீட் தேர்வுக்குத் துபாயிலும் அபுதாபியிலும் ஷார்ஜாவிலும் மையம் போடுகிறார்கள். கதவு மூடவில்லை, ஆனால் வரிசை நீளம். அப்பா அங்கே, பிள்ளை இங்கே என்று பிரிந்து வளர்வதிலும் ஒரு விலை இருக்கிறது. அது எவ்வளவு என்று பதினோரு வருடமாக உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஆனால் அவள் போவதாக இருந்தால், டாக்டர் ஆசையும் நிஜமாக இருந்தால், பிரிட்டிஷ் பள்ளி வேண்டாம். நீட் எழுத 11, 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடவே ஆங்கிலமும் பாடமாகப் படித்துத் தேறியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் முறையில் கடைசி இரண்டு வருடம் ஏ லெவல். பெரும்பாலும் மூன்று பாடம்தான் எடுப்பார்கள். பள்ளியே ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதால் ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக எடுக்க யாருக்கும் தோன்றாது. நீட் படிவம் நிரப்பும்போதுதான் தலையில் கை வைப்பார்கள். பாடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்து அந்த வழியில் வந்து எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே உள்ள பாடப்புத்தகம் ஒன்று, நீட்டுக்குப் படிக்க வேண்டிய, சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தும் என்சிஇஆர்டி புத்தகம் இன்னொன்று. இரண்டையும் ஒரு பிள்ளை தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? இதில் உங்கள் காக்கா சொல்வதுதான் சரி.

சிபிஎஸ்இ என்று முடிவானால் அவசரம் ஒன்று உண்டு. சிபிஎஸ்இயில் 9ஆம் வகுப்பிலேயே மாணவரின் பெயரை வாரியத்தில் பதிந்துவிடுவார்கள். 9ஐயும் 10ஐயும் சேர்த்து அங்கே படித்தவர்தான் பொதுத்தேர்வு எழுதலாம். 10இல் நேரடியாகப் போய்ச் சேருவது விதிவிலக்குகளில்தான் நடக்கும். 11, 12க்கும் இதே கதை. ஆக, உங்கள் மகள் போகலாம் என்றால் இந்த ஏப்ரலில் போக வேண்டும், இல்லையென்றால் இங்கேயே 10 முடித்துவிட்டு 11க்குப் போக வேண்டும். "வீடு பார்த்து, ரம்ஜான் முடித்து, அடுத்த வருடம் சேர்த்துக்கலாம்" என்பது மகனுக்கு நடக்கும், மகளுக்கு நடக்காது. அங்குள்ள இந்தியப் பள்ளிகள் ஏப்ரல் முதல் பாதியிலேயே புது வகுப்பைத் தொடங்கிவிடும். இங்கே 8ஆம் வகுப்புத் தேர்வு அப்போது நடந்துகொண்டிருக்கும். இப்போதே விண்ணப்பித்து, நுழைவுத் தேர்வு எழுதி, எத்தனை நாள் தாமதமாக வரலாம் என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மொழி. ஒரு அம்மாவும் முன்கூட்டிக் கேட்காத கேள்வி இது. சிபிஎஸ்இ 10இல் இரண்டு மொழி எழுத வேண்டும். ஒன்று ஆங்கிலம், இன்னொன்று? தமிழைச் சிபிஎஸ்இ வைத்திருக்கிறது, பாட எண் 006. ஆனால் வாரியம் வைத்திருப்பதும் பள்ளி நடத்துவதும் வேறு வேறு. அமீரகத்தில் சில இந்தியப் பள்ளிகளில் மட்டும் தமிழ் ஆசிரியர் இருக்கிறார். மற்றவற்றில் இந்தி, மலையாளம், பிரெஞ்சு, அரபி என்று பட்டியல் போகும். உங்கள் மகள் இந்தி எழுத்தைப் பார்த்ததே இல்லை. 9இல் அ, ஆ தொடங்கி அடுத்த வருடம் பொதுத்தேர்வு எழுதுவது என்றால், முதல் ஆறு மாதம் அந்தப் பிள்ளை மற்றப் பாடங்களையும் தொலைக்கும். ஆகவே பள்ளிக்குப் போன் போட்டால் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் கேளுங்கள்: "9ஆம் வகுப்பில் தமிழ் இரண்டாம் மொழியாக உண்டா? ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை வருவாரா?" அந்த 'வருவாரா' முக்கியம்.

அரபி தனிக் கதை. அமீரகத்துத் தனியார் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகளும் அரபி படித்தே ஆக வேண்டும், முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் கட்டாயம். "அவளுக்கு அரபி தெரியும், குர்ஆன் முடித்துவிட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓதல்பள்ளியில் படித்தது எழுத்துக் கூட்டி ஓத. பள்ளியில் கேட்பது "நீ நேற்று சந்தையில் என்ன வாங்கினாய்?" என்பதற்குப் பதில் எழுத. அரபி எழுத்தில் தமிழை எழுதி வைத்த பாட்டிமார் வம்சம் நீங்கள், ஆகவே எழுத்து பயமுறுத்தாது. அது பெரிய உதவிதான். ஆனால் மொழி தெரியும் என்று படிவத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். புதிதாகப் படிப்பவள் என்றே எழுதுங்கள்.

மகனைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. ஏழு வயதுப் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்திலும் ஒட்டிக்கொள்வான். அக்காள் போகும் பள்ளிக்கே அனுப்புங்கள். ஒரே பஸ், ஒரே விடுமுறை, ஒரே அலுவலகத்தில் கட்டணம். பிரிட்டிஷ் பள்ளியில் இவனை 'இயர் 4' என்று சொன்னார்கள், ஒரு வகுப்பு தாண்டிப் போடுகிறார்கள் என்று மச்சான் சந்தோஷப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் ஐந்து வயதில் இயர் 1 தொடங்குவதால் எண் ஒன்று கூடுகிறது. இயர் 4 என்பது நம் 3ஆம் வகுப்புதான். பாவம், மச்சானிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பணக் கணக்கைக் கையில் பேனாவோடு போட்டேன். வருடச் சம்பளம் 90,000 திர்ஹாம். பிரிட்டிஷ் பள்ளி இரண்டு பேருக்கும் 47,000. கம்பெனி தரும் 10,000 போக 37,000 கைக்காசு. மிச்சம் 53,000, மாதத்துக்கு 4,400 சொச்சம். அதில் வாடகை, சாப்பாடு, ஊரில் உம்மாவுக்கும் மாமிக்கும் அனுப்புவது, வருடத்துக்கு ஒரு தடவை நான்கு பேருக்கு டிக்கெட். பஸ் கட்டணம், சீருடை, புத்தகம் அந்த 47,000இல் சேருமா என்றும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சேராது. வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். இது ஓடாத கணக்கு. இந்தியப் பள்ளிகளில் இதில் பாதிக்கும் குறைவாகவே பல பள்ளிகள் கிடைக்கும். துபாயில் எந்தப் பள்ளி எந்த வகுப்புக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கேஎச்டிஏ என்ற அரசு ஆணையம் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. சேர்க்கும்போது கேட்கும் பதிவு முன்பணம் வருடக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதையும் கட்டணத்தில் கழிக்க வேண்டும். மச்சான் அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

அதே இடத்தில் பள்ளிகளின் ஆய்வு அறிக்கையும் இருக்கும். 2008இலிருந்து துபாய் பள்ளிகளை ஆய்வு செய்து தரம் போட்டு வந்திருக்கிறார்கள், 'மிகச் சிறப்பு' முதல் 'மிகப் பலவீனம்' வரை ஆறு படிகள். எல்லோரும் முதல் பக்கத்துத் தரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் உள்ளே ஒரு கட்டத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு வரி இருக்கும்: பிள்ளைகள் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று ஒன்று, சேர்ந்ததிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்று ஒன்று. முதல் வரி நன்றாக இருந்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்த பள்ளியாகவும் இருக்கலாம். இரண்டாவது வரிதான் ஆசிரியர் செய்த வேலையைச் சொல்லும். ராமநாதபுரம் அரசுப் பள்ளியிலிருந்து போய் நடுவில் நுழையும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வரி, மேல்வகுப்புப் பிரிவில், அறிவியலில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'நன்று' வாங்கிய சாதாரணப் பள்ளி, அந்த வரியில் பெரிய பெயர்களைத் தாண்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு, துபாயில் பள்ளி என்று பிரித்துக்கொள்ள வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காலை நேர நெரிசல் எப்படி என்று காக்காவிடம் கேளுங்கள், அவரே சொல்வார். ஏழு வயதுப் பிள்ளையை அதிகாலை ஃபஜ்ர் தொழுத கையோடு பஸ் ஏற்ற வேண்டியிருக்கும். வீடு எங்கேயோ பள்ளியும் அந்தப் பக்கமே. ஷார்ஜா பள்ளிகளுக்கு வேறு ஆணையம், அதுவும் ஆய்வு செய்கிறது.

இப்போது காகிதம். அலமாரியைத் திறந்து இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார், பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயர் நான்கையும் வரிசையாக வைத்து, ஆங்கில எழுத்தை ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். போன வருடம் ஒரு குடும்பம் வந்தது. பிறப்புச் சான்றிதழில் பாத்திமா 'எஃப்'பில் தொடங்குகிறது, பள்ளியில் 'பி'யில். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்து நிற்கிறது, பள்ளியில் ஒற்றை இனிஷியல். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. அங்கே கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளை. பள்ளிப் பதிவேட்டில் திருத்த வேண்டுமானால் டிசி வாங்குவதற்கு முன்னால் திருத்துங்கள், வாங்கிய பிறகு அலைச்சல் இரட்டிப்பு.

டிசியில் தலைமை ஆசிரியர் கையெழுத்து மட்டும் போதாது. மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம், சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று வரிசை இருக்கிறது. அப்போஸ்டில் முத்திரை போட்டால் முடிந்தது என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லை. உங்கள் திருமணச் சான்றிதழுக்கும் இதே ஓட்டம்; ஜமாஅத் பதிவேட்டு நகல் போதாது, பதிவு அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும்.

தமிழ் விஷயம் ஒன்று பாக்கி. மகனுக்குப் பள்ளியில் தமிழ் கிடைக்காமல் போகலாம். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே 10 வரை தமிழ் கட்டாயம், வெளியிலிருந்து வருபவர்களுக்கு விலக்கு கேட்கலாம் என்றாலும் அதற்கும் ஓர் ஓட்டம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே இணைய வழியில் பாடம் நடத்தித் தேர்வும் வைக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும். பேசுவது தானாக வரும். எழுதுவதை நீங்கள் உட்கார வைத்தால்தான் வரும்.

ஆக நான் என்ன சொல்கிறேன்? பிரிட்டிஷ் பள்ளியை விட்டுவிடுங்கள். போவதென்றால் நான்கு பேரும் இந்த ஏப்ரலில், தமிழ் இரண்டாம் மொழியாக உள்ள ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கு. தமிழ் உள்ள பள்ளி கிடைக்கவில்லை என்றால், மகளுக்கு 10 முடியும் வரை காத்திருங்கள். அந்த இரண்டு வருடம் அவளை மாமியிடம் விட்டுவிட்டு நீங்கள் போவதா, மச்சானை இன்னும் இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வதா என்பது உங்கள் வீட்டு விஷயம். என் அபிப்பிராயம் கேட்டால், பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணுக்கு உம்மா பக்கத்தில் இருப்பது நல்லது.

ஆனால் இந்த முடிவில் நான் எழுதியது பாதிதான். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு மாமி இல்லாத நேரமாகப் பார்த்து அவளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். 7.5 சதவீதம் என்றால் என்ன, போனால் அது போய்விடும் என்பதை அவளிடம் சொல்லுங்கள். அவளுக்குப் புரியும், எட்டாம் வகுப்புப் பெண். டாக்டர் ஆசை எவ்வளவு உறுதி, வாப்பாவோடு இருக்க எவ்வளவு ஆசை என்று கேளுங்கள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம். அடுத்த கடிதத்தில் கடைசிப் பக்கத்தை அவளை எழுதச் சொல்லுங்கள், அவள் கையெழுத்திலேயே.